கோழிக்கூண்டில் பாம்பு: வாசகர் கேள்விக்குப் பதில்

பத்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு வாரமாக முட்டை குறைகிறது. ஓட்டுத் துண்டுகூடக் கிடக்கவில்லை. பாம்புதான் என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகி, மணப்பாறை

முதலில் வேலியோரமும் விறகுக் குவியலுக்குப் பின்னாலும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். திறந்துவிட்ட நாட்டுக்கோழி ஒளிவாக ஓரிடம் பிடித்து முட்டையிடத் தொடங்கிவிட்டால், பழி பாம்பின் மேல் விழும்.

அங்கும் இல்லையென்றால் தடயத்தைப் பாருங்கள். கீரி முட்டையைக் கடித்து உடைத்துக் குடித்துவிட்டு ஓட்டைப் போட்டுவிட்டுப் போகும். காக்கை கொத்திய ஓடு கூண்டுக்கு வெளியே கிடக்கும். கோழியே முட்டையைக் குடித்தால் அலகிலும் வைக்கோலிலும் மஞ்சள் கரு ஒட்டியிருக்கும். ஓடே மிஞ்சாமல் விழுங்குபவை பாம்பும் உடும்பும்.

இவற்றைப் பிரித்தறிய, சலித்த அடுப்புச் சாம்பலைக் கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மெல்லப் பரப்புங்கள். பாம்பு போன தடத்தில் கால் பதிவே இருக்காது. நெளிந்த ஒற்றைக் கோடுதான். உடும்பு என்றால் நடுவில் வால் இழுத்த கோடும் இருபக்கமும் நகப் பதிவும் தெரியும். எந்த நேரத்தில் முட்டை போகிறது என்பதையும் குறித்து வையுங்கள். சாரையும் உடும்பும் பகலில் திரிபவை. பொழுது சாய்ந்தபின் முட்டை போனால் நல்லபாம்பு என்றே எண்ணி எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. செத்துக் கிடக்கும் வளர்ந்த குஞ்சின் தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாகி, இறகு எண்ணெய் தடவியதுபோல் படிந்து, உடம்பில் காயம் இல்லாமல் இருந்தால், பாம்பு தலையிலிருந்து விழுங்கப் பார்த்து, தோளுக்கு மேல் முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது.

கூண்டு முழுக்கக் கம்பி வலை அடித்தும் உள்ளே பாம்பு வந்துவிட்டது. காலையில் பார்த்தால் வலைக் கண்ணில் பாதி உடம்பு சிக்கிக் கிடந்தது. எங்கே தவறு?
– வாசகர், பட்டுக்கோட்டை

வலைக் கண்ணின் அளவில்தான் தவறு. கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் கொடுக்கும் அறுகோணக் கண் வலை பெரும்பாலும் ஓர் அங்குலம். அது கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. பாம்பு உள்ளே வராமல் இருக்கச் செய்ததல்ல. பாம்பின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். உள்ளே போய் இரண்டு முட்டையை விழுங்கியதும் வயிறு புடைத்துவிடும். வந்த கண் வழியாகவே திரும்பப் பார்த்து, புடைப்பு தடுத்து நின்றுவிடும். நீங்கள் காலையில் பார்த்தது அதுதான்.

தரையை ஒட்டிய பகுதிக்குக் கால் அங்குலக் கண் உள்ள, துத்தநாக முலாம் பூசிய வெல்டு மெஷ் வாங்குங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த நல்லபாம்புக் குட்டி ஓரடி நீளம்கூட இருக்காது, விஷம் மட்டும் முதல் நாளே இருக்கும். அரை அங்குலக் கண்ணில் அது வந்துவிடும். மேல் பகுதிக்கு அரை அங்குலம் போதும். அதில் நுழையக்கூடிய குட்டிக்குக் கோழி முட்டையை விழுங்கும் வாய் இல்லை. ஆனால் வலை கூரை வரை போக வேண்டும். சாரை சுவரும் ஏறும், மரமும் ஏறும்.

ஆறடிக்கு நான்கடி கூண்டு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 20 அடி. மூன்றடி அகல வலையில் இரண்டடியைச் சட்டத்தோடு நிமிர்த்தி அடித்து, மீதி ஓரடியை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் படுக்கவைத்து, மேலே மூன்று அங்குலம் மண் போட்டு மூடுங்கள். எலியும் கீரியும் சுவர் ஓரத்தில்தான் தோண்டும். தோண்டினால் வலை தட்டும், ஓரடி தள்ளிப் போய்த் தோண்ட அவற்றுக்குத் தோன்றாது. பாம்பு தானாக வளை தோண்டாது, எலி போட்ட வளையில்தான் வரும். எனவே எலியைத் தடுத்தால் அடிவழி அடைபட்டது. வலையை மடக்கும்போது நான்கு மூலையிலும் ஓரடிச் சதுரம் திறந்து நிற்கும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். அதற்கு நான்கு துண்டு வெட்டிக் கட்டுங்கள். ஒட்டுக்கும் மூலைக்கும் சேர்த்து 25 அடி வாங்கினால் சரியாக இருக்கும். ஒட்டு விழும் இடங்களில் நான்கு அங்குலத்துக்கு ஒரு கட்டுக்கம்பி முறுக்குங்கள்.

அடுத்து கதவைப் பாருங்கள். அடியில் விரல் நுழைந்தால் பாம்பு நுழையும். ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட்டின் வளைவும் சுவரும் சேரும் இடத்தில் வரிசையாக அரை நிலா அளவு ஓட்டைகள் இருக்கும். சிமென்ட் கலவையால் அடையுங்கள்.

செலவு மிச்சம் என்று பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டாதீர்கள். நைலான் இழை பாம்பின் செதிலுக்குள் இறுகி அறுக்கும். விஷப்பாம்பு உயிரோடு சிக்கி நின்றால் பிறகு கூண்டுப் பக்கமே போக முடியாது.

பூண்டு, கந்தகம், பினாயில் போட்டால் பாம்பு வராது என்கிறார்கள். ஆகாச கருடன் கிழங்கும் கட்டியிருக்கிறோம்.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

எதுவும் பாம்பை நிறுத்தாது. பினாயில் கோழிக்குத்தான் கெடுதல். கிழங்கு கட்டுவதால் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி வலையை விட்டுவிட்டால் அதுவே கெடுதல். கினிக்கோழி வளர்த்தால் பாம்பைக் கண்டதும் ஊரைக் கூட்டும்; விரட்டுவதைவிட எச்சரிக்கை மணியாக உதவும். அண்டை வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலி மருந்து வைத்துவிட்டால் பாம்பு வருவது குறையுமா?
– வாசகர், உடுமலை

எலி குறைந்தால் பாம்பு குறையும், உண்மை. கண்ணாடி விரியன் கோழிக்கூண்டுப் பக்கம் வருவதே எலிக்காகத்தான். ஆனால் மருந்து தின்று மயங்கிய எலியைக் கோழி கொத்தும், நாய் தின்னும், ஆந்தை தூக்கும். பொறி வையுங்கள்.

அதைவிட முக்கியம் தீவனம். சாக்கில் வைத்த குருணையும் கம்பும் எலிக்கு விருந்து. மூடி இறுகும் தகர டிரம்முக்கு மாற்றுங்கள். மாலைத் தீவனம் கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போதும். மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிடுங்கள். கூண்டைச் சுற்றிப் பத்தடிக்குள் செங்கல், தென்னை மட்டை, விறகு அடுக்க வேண்டாம். வளைகளில் செங்கல் ஜல்லியும் சிமென்ட் கலவையும் போட்டு அடையுங்கள். ஆனால் உள்ளே கையோ கடப்பாரையோ விடுவதற்கு முன், வாய்ப்பக்கம் ஒரு காகித உருண்டையைச் செருகி இரண்டு நாள் பாருங்கள். உருண்டை தள்ளப்பட்டிருந்தால் வளையில் ஆள் இருக்கிறது.

அடைக்கோழியைப் பஞ்சாரத்தால் கவிழ்த்து வைக்கிறோம். அது போதுமா?
– வாசகி, மேலூர்

பகலில் பருந்துக்குப் போதும். மூங்கில் இடைவெளி பாம்புக்கு வாசல்தான். அடை 21 நாள். அத்தனை இரவும் கோழி எழுந்து ஓடாது, அதற்கு இருட்டில் கண்ணும் சரியாகத் தெரியாது. வலை அடித்த பெட்டியில் அடை வையுங்கள். குஞ்சு பொரித்தபின் ஒரு மாதமாவது இரவில் அதே பெட்டிதான்.

முட்டையைக் காலையும் மாலையும் எடுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு வெறுங்கையைக் கூட்டுக்குள் விடவே கூடாது. டார்ச் அடித்து, ஒரு குச்சியால் வைக்கோலை நகர்த்திப் பார்த்து, பிறகு எடுங்கள். கதவைச் சாத்தும் முன்னும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் பாம்பைக் கோழியோடு சேர்த்துப் பூட்டிவிடுவது நிறைய நடக்கிறது.

கூண்டுக்குள் பாம்பு இருப்பதைப் பார்த்துவிட்டால்? சாரை என்றால் அடிக்கலாமா?
– வாசகர், செய்யாறு

சாரையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அடிப்பது குற்றம். உங்கள் எலியை உங்களுக்குப் பதில் பிடிப்பதும் அதுதான். மேலும் சாரையென்று நினைத்து அடிக்கப் போனது படமெடுத்தால்? சாரைக்குக் கண் பெரிது, உதட்டில் கறுப்புக் கோடுகள் இருக்கும் என்று சொல்லலாம்தான், அந்த அரை வெளிச்சத்தில் அவ்வளவு அருகில் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. பத்துப் பன்னிரண்டடி தள்ளி நின்று, பார்வையை எடுக்காமல், தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் அழையுங்கள். வனத்துறைக்கும் சொல்லலாம்.

கடித்துவிட்டால்?
– வாசகி, கடலாடி

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டாம்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே ஒரே மருந்து செய்கிறார்கள். அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு.

கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. இரவில் தரையில் படுத்தவருக்கு விடியற்காலை வயிற்றுவலி வந்து, இமை தானாகக் கீழே இறங்கினால், கடிவாய் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பாம்பு கொத்திச் செத்த கோழியைக் குழம்பு வைக்கலாமா?
– வாசகர், ஆண்டிப்பட்டி

பாம்பின் விஷம் புரதம். வேக வைத்தால் சிதையும் என்பது சரி. ஆனால் செத்தது பாம்பாலா, நோயாலா, எலி மருந்தாலா என்று உங்களுக்கு யார் சொன்னது? சுண்ணாம்பு தூவி இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.