நண்பனை ஏன் 'மச்சான்' என்கிறோம்? கேள்வி பதில்

திருச்சி வாசகர்: ஐயா, மச்சான் என்ற சொல் எங்கிருந்து வந்தது? வெறும் கொச்சையா?

பேச்சுவழக்குதான், ஆனால் வேர் பழையது. 'வைத்தான்' நம் வாயில் 'வச்சான்' ஆகிறது, 'தைத்தான்' 'தச்சான்' ஆகிறது. அதே வழியில் மைத்துனன் மச்சினன் ஆகி, மச்சானும் ஆனான். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஆண்டாள் "மைத்துனன் நம்பி மதுசூதன் வந்தென்னைக் கைத்தலம் பற்ற"க் கனவு கண்டாள். அங்கே மைத்துனன், மணக்கும் முறையுள்ளவன். அக்காள் கணவன், மனைவியின் சகோதரன், மாமன் மகன், அத்தை மகன் எல்லாரும் மச்சான்தான்.

மதுரை வாசகர்: அண்ணே, நண்பனை அண்ணன், தம்பி என்றால் போதாதா? மச்சான் எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் உறவுமுறையில் ஒருவன் பங்காளி, இல்லையென்றால் மாமன் மச்சான். அண்ணன் தம்பி பங்காளிகள்; பெயரிலேயே பங்கு இருக்கிறது. வரப்பு, கிணறு, பாட்டன் வீடு எல்லாம் அவர்களோடு பிரித்துக்கொள்ள வேண்டியவை. மச்சானோடு பாகப்பிரிவினை கிடையாது. கேலி பேச உரிமை உண்டு, தோளில் கை போடலாம். அண்ணனிடம் வாய்திறக்க முடியாத காதலை மச்சானிடம் கொட்டலாம். நட்புக்கு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன். உங்கள் ஊரில் நண்பனைப் 'பங்காளி' என்றும் கூப்பிடுவார்கள், தெரியும். ஆனாலும் மச்சானின் கேலி உரிமை அதில் வராது. தென்மாவட்டங்களில் வேறு வேறு மதத்தார் 'மாமா', 'மாப்ளே' என்று முறை வைத்து அழைப்பதும் இந்த உணர்வில்தான்.

டெல்லி வாசகர்: இந்தியில் 'சாலா' வசவாயிற்றே? அதுவும் மைத்துனன்தானே?

ஆமாம், மனைவியின் சகோதரன். 'உன் சகோதரி என் வீட்டில்' என்ற இழிவு அதற்குள் இருக்கிறது. வடக்கே பெண் கொடுத்த வீட்டை ஒரு படி கீழே வைக்கும் வழக்கம் உண்டு. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகளைக் கட்டினார்கள். இன்று பெண் கொடுத்த வீடு நாளை பெண் எடுக்கும். அதனால் மச்சான் சமமானவன். மலையாளத்து 'அளியா'வும் மைத்துனனாக இருந்து நண்பனானவன்தான்.

கொழும்பு வாசகர்: இங்கே சிங்கள நண்பர்கள் 'மச்சங்' என்கிறார்களே?

நம் மச்சான்தான் அது. மலேசியாவிலும் மலாய், சீன இளைஞர்கள் 'மச்சா' என்பார்கள்.

கோவை வாசகி: நானும் என் தோழியும் 'மச்சி' என்றுதான் பேசிக்கொள்வோம். அம்மா திட்டுகிறார். தப்பா?

தப்பில்லையம்மா. சில வட்டாரங்களில் மச்சி பெண்ணுறவுக்கே உரிய சொல். மச்சினியும் ஈழத்து மச்சாளும் அந்தக் குடும்பம்தான். அம்மாவின் தலைமுறையில் ஒரு பெண் 'மச்சான்' என்று வாய்விட்டு அழைத்தால், கட்டிக்கொள்ளும் முறையுள்ளவனைத்தான் அழைக்கிறாள் என்று பொருள். அந்தக் கூச்சம்தான் அவரைத் திட்டவைக்கிறது. அவர் சின்ன வயதில் தோழியை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.