கொக்கைன் பழக்கத்துக்குக் கஞ்சா எண்ணெய் மருந்தாகுமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்த்த என் மகன் கொக்கைன் பழக்கத்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறான். சிபிடி எண்ணெய் கொடுத்தால் ஏக்கம் அடங்கும் என்று உறவினர் சொல்கிறார். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து தரலாமா?
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. கஞ்சாச் செடியில் போதை தராத பொருள் சிபிடி. சில வகை வலிப்பு நோய்க்கு அது மருந்துதான். கொக்கைனுக்கு என்று வரும்போது கதை வேறு. கனடாவின் மான்ட்ரியலில் 78 பேரிடம் சோதித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 800 மில்லிகிராம் சிபிடி எடுத்தவர்களுக்கும் வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் ஏக்கத்திலோ, மறுபடி பழக்கத்தில் விழுவதிலோ வித்தியாசமே தெரியவில்லை. கடைப் புட்டியில் சில சொட்டு எடுத்தால் அந்த அளவின் பக்கத்தில்கூட வராது. புட்டியில் எழுதியதை நம்பவும் முடியாது: இணையத்தில் விற்ற 84 பொருட்களை அமெரிக்காவில் பரிசோதித்தபோது, சொன்ன அளவு சரியாக இருந்தது 26-இல்தான். சிலவற்றில் போதை தரும் டிஎச்சியே கலந்திருந்தது.

மனநல மருத்துவர் வால்ப்ரோயேட் (மனநிலையைச் சீராக்கவும் வலிப்புக்கும் தரும் மருந்து) கொடுத்திருந்தால், சிபிடியும் சேரும்போது கல்லீரல் பாதிக்கலாம். நீங்கள் ஒளித்துக் கொடுத்தால், எதனால் என்று மருத்துவருக்கும் புரியாது. ஒளித்துக் கொடுத்தது மகனுக்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் வைக்கும் சோற்றையே சந்தேகப்படுவான். அந்த நம்பிக்கை உங்களுக்கு இப்போது மிகவும் தேவை.

கேள்வி: மூளையின் கன்னாபினாய்டு அமைப்பை அடைத்தால் கொக்கைன் ஏக்கம் போகும் என்று படித்தேன். அப்படி மருந்து ஏன் வரவில்லை?
– பார்மசி மாணவர், காரைக்குடி

பதில்: வந்தது, போய்விட்டது. கஞ்சாவின் போதைப் பொருள் மூளையில் போய் ஒட்டும் இடம் சிபி1 என்ற ஏற்பி; கன்னாபினாய்டு அமைப்பின் முக்கிய அங்கம் அது. அதன் மரபணு 1990-இல் பிடிபட்டது. அதில் ஒட்டும், நம் மூளையே சுரக்கும் பொருளை 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெச்சூலம் குழுவினர் கண்டுபிடித்து, 'ஆனந்தம்' என்ற நம்மூர்ச் சொல்லிலிருந்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

சேதி அனுப்பும் நரம்பை வீட்டின் முகப்பு என்றும், வாங்கும் நரம்பை உள்கட்டு என்றும் வையுங்கள். சேதி முகப்பிலிருந்து உள்கட்டுக்குப் போவதுதான் வழக்கம். கன்னாபினாய்டு சேதி உள்கட்டிலிருந்து முகப்புக்குத் திரும்பி வந்து 'போதும், நிறுத்து' என்கிறது. 'இன்னும் வேண்டும்' என்ற தூண்டுதலைத் தரும் டோபமினைச் சுரக்கும் நரம்புகளுக்கு பிரேக் போல இருப்பவை காபா நரம்புகள். அவற்றுக்கு அந்தச் சேதி போனால், பிரேக் தளர்ந்து டோபமின் கூடும். கொக்கைனோ, வெளிவந்த டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்கும் வழியை அடைக்கிறது. ஆகவே சிபி1-ஐ மூடினால் பிரேக் இறுகும் என்பது கணக்கு. எலிகளில் அது பலித்தது: கொக்கைனை நினைவூட்டும் குறிப்புகளும் சிறு டோசும் கிளப்பிய தேடல் குறைந்தது. மன அழுத்தம் கிளப்பிய தேடல் மட்டும் குறையவில்லை. சிபி1-ஐத் தூண்டும் பொருள் கொடுத்தபோது, நெடுநாள் விலகியிருந்த எலிகளும் மறுபடி தேடின. 'கொக்கைனுக்குப் பதில் கஞ்சா பரவாயில்லை' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே வகை மருந்தான ரிமோனபன்ட் 2006-இல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்கு அனுமதி பெற்றது. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் காரணமாக 2008-இல் நிறுத்தப்பட்டது. பதற்றத்தைத் தணிப்பதும் இதே அமைப்புதானே! கொக்கைனை விட்டவருக்கு முதலில் வருவதே மனச்சோர்வு என்பதால், அவருக்கு இது இன்னும் ஆபத்து. இப்போது இதே அமைப்பின் இன்னொரு ஏற்பியான சிபி2-ஐத் தூண்டிப் பார்க்கிறார்கள். எலிகளில் கொக்கைன் எடுப்பது குறைந்திருக்கிறது. மனிதரில் நிரூபணம் இல்லை.

கேள்வி: கொக்கைனுக்கு மருந்து இல்லையென்றால், அந்தப் பழக்கம் உள்ள என் தம்பிக்கு என்னதான் செய்வது?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: ஆய்வுகளில் அதிகம் பலன் தந்தது பரிசு முறை, கூடவே மனநல ஆலோசனை. ஆலோசகர் மேற்பார்வையில் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை. கொக்கைனின் கழிவு சுமார் 2 முதல் 4 நாள் வரை தெரியும் என்பதால், இடைவெளி மூன்று நாளைத் தாண்டினால் தவறு தப்பிவிடும். சுத்தமாக இருந்தால் அந்த நிமிடமே கூப்பன்: முதலில் 100 ரூபாய், அடுத்தது 120, பிறகு 140 என்று ஏறட்டும். தவறினால் மீண்டும் 100. முன்பு சம்பாதித்ததைப் பிடுங்கக் கூடாது. 12 வாரமாவது நடக்க வேண்டும். ரொக்கமாகத் தரவேண்டாம், கையில் காசு சேர்வதே பலருக்கு ஏக்கத்தைக் கிளப்பும். பெரும்பாலும் இது கெடுவது 'மாசக் கடைசியில் மொத்தமாகத் தருகிறேன்' என்பதால். தவறிய நாளில் வீடே கூடி உபதேசம் செய்தால் அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டார்.

முதல் வாரம் தூக்கம், பசி, சோர்வு இருக்கும். தனியே விடாதீர்கள். சாகலாம் என்று பேசினால் அன்றே மருத்துவமனை. அரசின் மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் பேசலாம்.

கேள்வி: கொக்கைன் எடுத்தவருக்கு நெஞ்சு வலி வந்தால், போலீஸுக்குப் பயந்து விஷயத்தை மறைக்கலாமா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: மறைக்கவே கூடாது. 108-ஐ அழையுங்கள், மருத்துவரிடம் கொக்கைன் என்று முதலிலேயே சொல்லுங்கள். நெஞ்சு வலிக்கு வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) இவருக்கு இரத்தக் குழாயை இன்னும் இறுக்கக்கூடும். மதுவும் குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்: கல்லீரலில் இரண்டும் சேர்ந்து உருவாகும் கோக்கஎத்திலீன் அதிக நேரம் தங்கி இதயத்தைத் தாக்கும். சட்டப் பயத்துக்கும் வழி இருக்கிறது. அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு (கொக்கைனுக்கு 2 கிராம்) தொடர்பான குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம். எங்கே சேர்ப்பது என்று போதை மீட்பு உதவி எண் 14446-இல் கேளுங்கள்.