ஓவனுக்குள் முறுக்கு டின்

கேள்வி: ஜெலுத்தோங்கில் புது அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். ஐரோப்பிய ஓவன், நான்கு வளைய இண்டக்‌ஷன் அடுப்பு, இரட்டைக் கதவு ஐஸ் பெட்டி, மூன்றும் சேர்த்து 28,000 வெள்ளி என்கிறார் கடைக்காரர். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்குமாம். சாதாரண பிராண்டில் 9,000 வெள்ளிக்குள் முடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். கூடுதலாகக் கொட்டும் காசுக்குப் பலன் உண்டா?
— ஒரு வாசகி, பினாங்கு

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அதில் விலை இருக்கிறது, கதவின் நிறம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் என்ன வாங்கினார்கள் என்பதுகூட இருக்கிறது. நீங்கள் என்ன சமைப்பீர்கள் என்பது மட்டும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: 'தாளிப்பு, மீன் பொரிப்பது எல்லாம் பின்னால் வெட் கிச்சனில், கேஸ் அடுப்பில்தான்.' சரி, அப்படியென்றால் முன்னால் இருக்கும் இண்டக்‌ஷனில் என்ன நடக்கப் போகிறது? மைலோவுக்குத் தண்ணீர் கொதிக்கும். அதற்கு மின்கெண்டி போதுமே அம்மா.

இன்னொன்றையும் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். காந்தம் ஒட்டாத அடி கொண்ட பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடாகாது. அலுமினிய இட்லிப் பானை, பித்தளைப் பொங்கல் பானை, மீன் குழம்பு வைக்கும் மண்சட்டி எல்லாம் பரணுக்குப் போகும். அடி உருண்ட குவாலி கண்ணாடி மேல் உட்காரவே உட்காராது. இரும்புத் தோசைக்கல் மட்டும் தப்பிக்கும், அதுவும் அடி தட்டையாக இருந்தால். நான்கு வளையமும் சேர்ந்து எரிந்தால் 7,000 வாட்டைத் தொடும் அடுப்புகள் உண்டு. நம் வீட்டு மூன்று பின் பிளக் 13 ஆம்பியர், சுமார் 3,000 வாட் வரைதான் தாங்கும். அதனால் அந்த அடுப்புக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். அந்தச் செலவு 28,000-இல் அடங்குமா என்று கேட்டீர்களா?

ஓவனுக்கு வருவோம். ஐரோப்பியது 8,500 வெள்ளி, சாதாரணமானது 2,500 என்று எழுதியிருக்கிறீர்கள். வித்தியாசம் 6,000. மாதம் இரண்டு தடவை கேக் போடுவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். (தாராளமாகத்தான் வைத்திருக்கிறேன்.) பத்து வருடத்தில் 240 தடவை. ஒவ்வொரு கேக்குக்கும் மாவு, முட்டை, வெண்ணெய்க்கு மேல் 25 வெள்ளி அந்தக் கதவுக்காக மட்டும் கட்டுகிறீர்கள்.

நானும் கட்டியவன்தான். மனைவியின் ஆசைக்கு, என் வீம்புக்கும் சேர்த்து, பெரிய பெயருள்ள ஓவன் ஒன்று வாங்கினோம். நாலாவது வருடம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, திரையில் ஏதோ ஒரு எழுத்தும் எண்ணும் மின்னி அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டதாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வந்து சேர்ந்தது தைப்பூசத்துக்கு அப்புறம். அந்தத் தீபாவளி முழுக்க ஓவனுக்குள் முறுக்கு டின்களை அடுக்கி வைத்திருந்தோம். எறும்பு ஏறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக விலை கூடினதெல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. மீலே போன்ற ஜெர்மன் நிறுவனம் தன் சாதனங்களை 20 வருடப் பயன்பாட்டுக்கு ஈடாகச் சோதிப்பதாகச் சொல்கிறது. அந்த உழைப்பு உழைக்கும் சாதனங்களும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே கேக் விற்கிறீர்கள், தினமும் நாலு தட்டு உள்ளே போகிறது என்றால் நல்ல ஓவனை வாங்குங்கள். நாலு மூலையிலும் ஒரே சூடு இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

உங்கள் கணவரும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். எல்லாவற்றிலும் மலிவைப் பிடித்தால் ஐஸ் பெட்டியில் மாட்டிக்கொள்வார். வருடத்துக்கு 8,760 மணி நேரமும் ஓடுகிற பொருள் அது ஒன்றுதான். கூடுதல் காசை அங்கே போடுங்கள். பளபளக்கும் கதவுக்கோ தண்ணீர் ஊற்றும் குழாய்க்கோ அல்ல, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு. நம் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் மின்சிக்கன நட்சத்திர லேபிளில் ஐந்து இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பெட்டியின் உட்பக்கமோ பின்னாலோ ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் கிளைமேட் கிளாஸ் என்ற இடத்தில் 'டி' (T) இருக்கிறதா என்று குனிந்து தேடுங்கள். 'டி' என்றால் சுற்றுச் சூடு 43 டிகிரி வரை போனாலும் பெட்டி தன் வேலையைச் செய்யும். 'என்' (N) என்று இருந்தால் 32 டிகிரி வரைதான். மத்தியான வேளையில் பினாங்கு அடுக்களை அதைத் தாண்டிவிடும். இந்த ஒரு எழுத்தை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாவு கிரைண்டர் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வாரம் மூன்று நாள் தோசை என்றால் ஓவனில் மிச்சமாகும் காசில் நல்ல கல்லும் நல்ல மோட்டாரும் உள்ளதாக ஒன்று பாருங்கள். இந்தியாவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்தாலும் நம் மின்சாரத்துக்கு ஒத்துப்போகும். பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும்.

காசு கட்டுவதற்கு முன், கடையில் நின்றபடியே அந்த பிராண்டின் சர்வீஸ் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். பினாங்கில் ஆள் இருக்கிறாரா, கோலாலம்பூரிலிருந்து வரவேண்டுமா, வருகிற செலவு யார் தலையில் என்று கேளுங்கள். கடைக்காரர் பக்கத்திலேயே இருக்கட்டும், அவரும் கேட்கட்டும்.