சவுண்ட்பாரை டிவி யூனிட்டின் தட்டுக்குள் வைக்கலாமா? 5.1.2 வாங்கினால் வசனம் தெளிவாகக் கேட்குமா?

தட்டுக்குள் வைக்காதீர்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

படத்தில் பேசுவது புரியவில்லை, அதனால் 5.1.2 சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) வாங்கி யூனிட்டின் திறந்த தட்டில் வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் காது கொஞ்சம் மந்தமான பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் சினிமா, கேம் என்று எதையும் கேட்காமல் வசனத்தை மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, விஷயம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்காகத்தான் சவுண்ட்பார் வாங்கினோம். இப்போதைய டிவிகள் மெலிந்துபோனதில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலோ பார்த்தபடி இருக்கிறது, ஒலி சுவரில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது. அப்பா சத்தத்தைக் கூட்டுவார், பிள்ளைகள் குறைப்பார்கள். "என்ன சொன்னான்?" என்று கேட்பார், யாராவது "ஒன்றுமில்லைப்பா" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். தூக்கம் வருகிறதாக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

மாடலைத் தேர்ந்தெடுத்தது அண்ணன். பெட்டியில் எத்தனை வாட் என்று பார்த்தார், எண்கள் நிறைய இருந்தால் நல்லது என்று 5.1.2 எடுத்தார். முதல் எண் காது மட்டத்தில் ஒலிக்கும் சேனல்கள், நடு எண் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான தனிப் பெட்டி, கடைசி எண் கூரையை நோக்கிப் பாடும் ஸ்பீக்கர்கள். வசனத்துக்கு முக்கியம் இதில் ஒன்றே ஒன்று, முதல் எண்ணில் அடங்கும் நடு ஸ்பீக்கர், அதாவது சென்டர் சேனல். சினிமா ஒலிக்கலவையில் பேச்சின் பெரும்பகுதி அங்கேதான் வைக்கப்படுகிறது. 2.1 பாரில் அது கிடையாது, 3.1-லிருந்து உண்டு. எங்கள் தேவைக்கு 3.1 தாராளமாகப் போதும், இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாட்ட வந்தவர் பாரைத் தட்டுக்குள் தள்ளினார், சப்வூஃபரை மூலையில் நிறுத்தினார், டிவியின் ஒலியைப் பாருக்குக் கொண்டுபோகும் ஆப்டிகல் கேபிளைச் சொருகினார், ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். வீடே அதிர்ந்தது. அப்பாவுக்கு முன்பு புரிந்த அளவுகூடப் புரியவில்லை.

ஏன் என்று நான் தேடிப் படித்ததில் கிடைத்தது இது. வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் வலு அங்கேதான் இருக்கிறது, உயிரெழுத்துகளின் வலு அதற்குக் கீழே. அதனால்தான் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நடப்பதே அதுதான். பாரைப் பெட்டி மாதிரியான தட்டுக்குள் வைத்தால் தாழ்ந்த ஒலி உள்ளே மோதிப் பெருகுகிறது, தெளிவு தரும் உயர் அதிர்வெண் ஒலி பக்கச் சுவர்களில் சிதறுகிறது. கூரையை நோக்க வேண்டிய ஸ்பீக்கர் மேல்தட்டின் பலகையைப் பார்த்துப் பாடுகிறது. மூலையில் இருக்கும் சப்வூஃபரின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, இரண்டு சுவர்களும் சேர்ந்து இன்னும் தூக்கிக் கொடுக்கின்றன, பேஸ் கூடினால் அது பேச்சை மூடிவிடும். கெடுக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் நடந்தது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "பார் நல்ல பார்தான், அப்பா காதுதான் சரியில்லை" என்றார். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் இருந்துகொண்டு பணம் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு, பணம் கொடுத்ததோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்ற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது. டாக்டரிடம் கூட்டிப்போவது, காதுக்கருவிக்கு பேட்டரி மாற்றுவது, அதை எடுத்துக் கழற்றி வைத்துவிட்டார் என்று தெரிந்தால் கெஞ்சி மாட்டவைப்பது, இதெல்லாம் கூட இருக்கிறவர்கள் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வந்து நான்கு நாள் இருந்துவிட்டு "அப்பா மெலிந்துவிட்டாரே" என்று நம்மைக் கேட்கிறார்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாரை யூனிட்டின் மேல்பலகைக்கு ஏற்றினேன். பின்னால் தள்ளி வைக்காமல், பாரின் முன்விளிம்பு பலகையின் முன்விளிம்போடு சேரும்படி வைத்தேன். பின்னால் இருந்தால் பலகையே ஒலியைத் திருப்பி அடிக்கும். சப்வூஃபரை மூலையிலிருந்து இழுத்து முன்சுவர் ஓரமாக நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தேன், அளவையும் பாதிக்குக் கீழே குறைத்தேன். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது, அதனால் சப்வூஃபரை நகர்த்துவதில் பயம் வேண்டாம். இந்த இரண்டு வேலைக்கும் காசு செலவில்லை, அரைமணி நேரம் ஆனது, அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது கேபிள், ஆப்டிகலுக்குப் பதில் எச்டிஎம்ஐ. டிவியின் எச்டிஎம்ஐ துளைகளில் ஏதாவது ஒன்றில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும், டிவியின் ஒலியைப் பாருக்குத் திருப்பி அனுப்பும் வழி அது. அதில்தான் சொருக வேண்டும், மற்ற துளைகளில் டிவியின் சத்தம் பாருக்கு வராது. செட்டிங்கில் சிஇசி-யையும் (ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) போட்டுவிடுங்கள், ஒரே ரிமோட்டில் வேலை முடியும், பெரியவர்களுக்கு இது மிகப் பெரிய உதவி. 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-லேயே ஏஆர்சி உண்டு, ஓடிடி தளங்கள் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் அனுப்பும் அட்மாஸுக்கு (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் முறை) அது போதும், ஆப்டிகலில் அந்த வடிவம் போகாது. ப்ளூரே டிஸ்க்கில் இருக்கும் இழப்பில்லாத ஒலி முழுதாக வர வேண்டுமானால்தான் இஏஆர்சி தேவை. புளூடூத்தில் இணைக்காதீர்கள், உதடு முதலில் அசையும், வார்த்தை பின்னால் வரும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அப்பா போன்றவர்களுக்கு இருப்பதும் போய்விடும்.

எனக்கு கடைசியாகப் பிடிபட்டது டிவியின் சவுண்ட் மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. டிஜிட்டல் ஆடியோ அவுட் என்ற இடத்தில் பிசிஎம் என்று இருந்தது. ஆப்டிகலிலும் சாதாரண ஏஆர்சி-யிலும் அப்படி இருந்தால் வெறும் இரண்டு சேனல்தான் பாருக்குப் போகும், எங்கள் பாரில் அந்த மோடில் நடு ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. யாருக்காக வாங்கினோமோ அவருக்கான ஸ்பீக்கர் ஏழு வாரம் சும்மா கிடந்திருக்கிறது! பாஸ்த்ரூ, அதாவது வந்த ஒலியை அப்படியே பாருக்கு அனுப்புவது, என்று மாற்றினேன். பாரின் ரிமோட்டில் வாய்ஸ் என்ற பொத்தானையும் நைட் மோடையும் போட்டேன். நைட் மோட் வெடிச்சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சைத் தூக்குகிறது, பகலிலும் போடலாம், பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். அப்பாவின் நாற்காலி இடது ஓரத்தில் இருக்கிறது. நடு ஸ்பீக்கர் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, பேச்சு அவர் பக்கத்து முனையிலிருந்து வராமல் திரையிலிருந்தே வருகிறது என்று அவரே சொன்னார்.

தனித்தனி ஸ்பீக்கரும் அவற்றை இயக்கும் ஏவி ரிசீவரும் வைத்திருப்பவர்கள் வந்து சவுண்ட்பாரே வீண் என்பார்கள். அவர்கள் சொல்வது ஒலியின் தரத்தில் உண்மைதான், எல்லா வீட்டிலும் அத்தனை ஒயர் இழுக்க முடியாது. நான் ஒலிப் பொறியாளர் இல்லை. அட்மாஸ் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூரை தட்டையாகவும் கடினமாகவும் இருந்து, பாரின் தலைக்கு மேல் எதுவும் இல்லாமல் இருந்தால் மழைக் காட்சியில் நன்றாகவே இருக்கிறது. உங்கள் கேள்வி வசனம் பற்றியது, அதனால் 3.1 எடுங்கள் என்கிறேன். காதுப் பரிசோதனை செய்யாமல் இருந்தால் அதையும் செய்துவிடுங்கள், பார் அதற்கு மாற்று இல்லை.

ஆர்டர் போடும் முன் டிவியின் கீழ்விளிம்புக்கும் பலகைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, பாரின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரிமோட் சிக்னல் வாங்கும் சென்சார் பல டிவிகளில் கீழ்விளிம்பில்தான் இருக்கிறது, பார் அதை மறைத்தால் ரிமோட் வேலை செய்யாது. எங்களுக்கு ஒரு விரல் இடைவெளியில் தப்பியது.