முகப்பை நம்பாதீர்கள்: இங்கிலாந்துப் பண்ணை வீடுகள் - கேள்வி பதில்

கேள்வி: கென்ட் பக்கம் ஒரு பண்ணை வீட்டை 15ஆம் நூற்றாண்டு வீடு என்றார்கள். முகப்போ முழுக்கச் செங்கல். எப்படி நம்புவது?

பதில்: முகப்பை விடுங்கள், பரணில் ஏறுங்கள். அந்தக் காலக் கூடத்துக்கு மாடியும் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. தரை நடுவில் நெருப்பு எரியும். புகை நேரே கூரைக்கு ஏறி, கிடைத்த இடுக்கு வழியாக வெளியேறும். கூரை மரமெல்லாம் கரி பிடித்துவிடும். பிறகு மாடி போட்டு, முன்சுவரைச் செங்கல்லால் மூடினாலும் பரணில் அந்தக் கரி அப்படியே இருக்கும். கூரையின் இரண்டு முனையிலும் மரம் வெளிறி, நடுவில் மட்டும் கறுத்திருந்தால் பழைய கூடத்தின் எல்லையே தெரிந்துவிடும். தொட்டுப் பாருங்கள், ஆனால் துடைத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கேள்வி: அப்படியென்றால் புகைபோக்கி எப்போது வந்தது?

பதில்: கென்ட் இருக்கும் தென்கிழக்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும். கூடத்துக்குள்ளேயோ, பக்கத்து நடைவழியிலோ செங்கல்லால் எழுப்பினார்கள். புகை அடங்கியதும் கூடத்துக்கு மேலே தளம் போட முடிந்தது. வீட்டுக்குப் புதிதாகப் படுக்கையறைகள் கிடைத்தன. என்னைக் கேட்டால், இந்த வீடுகளில் நடந்த ஆகப்பெரிய மாற்றம் இதுதான். 1570-1640 காலத்தில் இங்கிலாந்து முழுக்க இப்படி ஒரு மறுகட்டுமான அலை வீசியது என்று 1953இல் வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் எழுதினார். வட்டாரத்துக்கு வட்டாரம் காலம் மாறும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அதுதான் சரி.

கேள்வி: அடைத்த ஜன்னல் எல்லாம் ஜன்னல் வரியால்தானா?

பதில்: இல்லை. ஜன்னல் எண்ணிக்கையைப் பார்த்துப் போட்ட அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை; அதற்குப் பயந்து அடைத்தவர்களும் உண்டு. ஆனால் உள்ளே படிக்கட்டு வந்தாலும் அடைப்பார்கள்.

கேள்வி: புதுப்பிக்கும்போது எந்தக் காலத்துக்குத் திருப்புவது?

பதில்: பேலீஃப் என்ற பழைய பண்ணை வீட்டைப் பாருங்கள். கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் இருந்தது. பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக 1960களின் கடைசியில் பிரித்தெடுத்து, சசெக்ஸில் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் திரும்ப நிறுத்தினார்கள். கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வீட்டின் ஒரு முனை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தது. இப்போது ஏறக்குறைய 1540இல் இருந்ததுபோல் காட்டுகிறார்கள். இடம் பெயர்ந்த வீடு, பாடம் நடத்தும் வீடு; அங்கே அது பொருந்தும். ஆள் குடியிருக்கும் வீட்டை நான் அப்படிப் பழைய காலத்துக்குத் திருப்பமாட்டேன். 17ஆம் நூற்றாண்டு அடுப்படியை இடித்துவிட்டு 15ஆம் நூற்றாண்டைத் தேடினால் இரண்டும் மிஞ்சாது.

கேள்வி: சுவரின் மரச் சட்டங்களுக்கு நடுவே மண் உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தச் சுவர் சுள்ளிப் பின்னல்மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் அப்பியது. சிமென்ட் போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டி, ஓக் சட்டம் இற்றுப்போகும். மண்ணாலேயே ஒட்டுப்போட்டு, மேலே சுண்ணாம்பு பூசுங்கள். அப்புறம், வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சி அனுமதி தேவை. அது இல்லாமல் செய்தால் குற்ற வழக்கே வரும். கொத்தனாரைக் கூப்பிடும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.