வகுப்பறையில் நாடகம்: பிள்ளை உடைந்து அழுதால் என்ன செய்வது?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 38 பேர். பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. போன வருடம் இரண்டு பெண்கள் கல்யாணம் என்று படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு பையனுக்குத் திக்குவாய். நாடகப் பயிற்சி தருவதாக ஒரு நிறுவனத்தார் வந்திருக்கிறார்கள். இரண்டு நாள், தலைக்கு 350 ரூபாய், சான்றிதழ் உண்டு, பிள்ளைகள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள் என்கிறார்கள். தலைமையாசிரியருக்கு விருப்பம், எனக்குத்தான் பயம். ஒரு பிள்ளை உடைந்து அழுதால் என்ன செய்வது? நானே செய்யலாம் என்றால் எனக்கு நடிப்பும் தெரியாது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். எந்தப் பிள்ளையையும் தன் சொந்தக் கதையை நடிக்கச் சொல்லாதீர்கள். இன்னொருவர் கதையைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பெண், பக்கத்து ஊர் கோமதிக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால் மடமடவென்று பேசும். கோமதி என்று யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு எதையும் சொல்லிப் பார்க்கலாம், சங்கடமானால் அது கோமதி, நான் இல்லை என்று விலகிக்கொள்ளலாம். பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் வருகைப் பதிவேட்டை ஒருமுறை பாருங்கள். அந்தப் பெயரில் உங்கள் வகுப்பில் யாரும் இருக்கக் கூடாது.

அந்த நிறுவனத்தார் விற்பது இதற்கு நேர் எதிரானது. மனதில் இருப்பதைக் கொட்டவைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தி, சோகப் பாட்டு ஒன்றைப் போட்டு, கண்ணை மூடச் சொல்லி, உன் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார், அவள் கை எப்படிக் காய்த்திருக்கிறது பார் என்று மைக்கில் உருகுவார்கள். பத்து நிமிடத்தில் இருநூறு பிள்ளைகளும் தேம்பும். அதை வீடியோ எடுத்து அடுத்த பள்ளிக்குக் காட்டுவார்கள். இப்படி ஒரு முகாம் முடிந்த பள்ளிக்கு நான் மறுவாரம் போயிருக்கிறேன். அம்மா இறந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. முகாம் நடத்தியவர்களின் வேன் அன்று மாலையே கிளம்பிப் போய்விட்டது. அழவைப்பது எளிது. அழுத பிள்ளையின் பக்கத்தில் மறுநாள் உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் கேள்வி. இது நாடகமும் இல்லை, மனநல உதவியும் இல்லை.

பணக் கணக்கையும் பாருங்கள். பள்ளியில் 210 பேர் என்று வைத்தால் 73,500 ரூபாய். நாடகம் தெரிந்த இளைஞருக்கு அதில் நாளொன்றுக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ போகும். மிச்சம் இடைத்தரகருக்கு. உண்மையான நாடகக்காரர் என்றால் 30 பேருக்கு மேல் ஒரே கூடத்தில் உட்காரவைக்க மாட்டார், மூன்றாவது வாரமும் வருகிறேன் என்பார், உங்களை அறையை விட்டு வெளியே அனுப்ப மாட்டார். ஆசிரியர்கள் இருந்தால் பிள்ளைகள் மனம் திறக்க மாட்டார்கள், வெளியே இருங்கள் என்று எவராவது சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவர்களால் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமை உங்களுக்கு நினைவிருக்கும். சான்றிதழும் சீருடையும் யாருக்கும் கிடைக்கும்.

இந்த ஆட்கள் ஏன் பள்ளிக்குள் வர முடிகிறது என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. 2012-ல் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் அரசு எடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தாத போராட்டம் இல்லை. கலைப் பாடம் இப்படிக் கிடக்கும்போது அந்த இடத்தில் இவர்கள் நுழைந்துவிடுகிறார்கள். பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா என்று அரசு நடத்துகிறது, நல்லதுதான். ஆனால் அது போட்டி. போட்டி என்றதும் நன்றாகப் பேசும் நான்கு பேருக்கு வசனம், மற்றவர்களுக்கு மரம், மேகம், கைதட்டல். உங்களிடம் வாய் திறக்காத அந்தப் பாதி வகுப்புக்குத்தானே நாடகம் வேண்டும்? வாரத்தில் ஒரு பாடவேளையை எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றும் வேலையிலிருந்தும் மாதிரித் தேர்விலிருந்தும் மீட்டுக் கொடுத்தாலே போதும், அதற்குத்தான் எவருக்கும் மனம் வரவில்லை.

சரி, நீங்களே செய்யலாமா? செய்யலாம், நீங்கள்தான் செய்ய வேண்டும். தொண்ணூறுகளில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனவன் நான். எங்களில் முக்கால்வாசிப் பேர் நடிகர்கள் இல்லை. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவாலும் தம் புகழ்பெற்ற முறையை 1973-ல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோதுதான் கண்டடைந்தார். அதை விவாத அரங்கு என்போம். ஒரு சின்னக் காட்சி, மூன்று நிமிடம். அதில் ஒருவருக்கு அநியாயம் நடக்கிறது, காட்சி தோல்வியில் முடிகிறது. மறுபடி அதையே நடிக்கும்போது பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் நிறுத்து என்று சொல்லி, ஒரு பாத்திரத்தின் இடத்தில் வந்து நின்று வேறுவிதமாகச் செய்து பார்க்கலாம். சரி தவறு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இப்படிச் செய்தால் அப்பா என்ன செய்வார் என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு பள்ளியில் கோமதிக்குப் பூ வைக்க வருகிறார்கள் என்பதுதான் காட்சி. பெண் பிள்ளைகள் வந்து வாதாடினார்கள், அழுதார்கள், 18 வயது ஆகவில்லை என்று சட்டம் சொன்னார்கள். அப்பாவாக நடித்த பையன் எதற்கும் அசையவில்லை. வருடம் முழுக்கப் பேசாத ஒருவன் கையைத் தூக்கி, கோமதியின் தம்பியின் இடத்துக்கு வந்தான். வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலுக்குப் போய், விருந்தாளிகள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தான். வகுப்பு சிரித்தது, அப்புறம் அடங்கியது. அப்பாவாக இருந்தவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையனைச் செருப்பு என்று கூப்பிட்டார்கள், அவனும் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

கூச்சமுள்ள பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள் என்பது பொது விதி. திக்குவாய்ப் பையனை மட்டும் இந்த விதியில் சேர்க்காதீர்கள். இதை நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல ஆசிரியர்கள்தான் இதில் தவறுகிறார்கள். பாவம், அவனுக்குச் சிரமம் என்று திரை இழுக்கும் வேலை கொடுத்துவிடுகிறார்கள். திக்குபவர்களில் பெரும்பாலோருக்குப் பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். வேறொருவர் குரலில், வேறொருவர் நடையில் பேசும்போதும் பலருக்குக் குறையும். ஆகவே முதலில் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும் வரிகள். பிறகு இருவராகச் சேர்ந்து சொல்லும் வசனம். தனி வசனம் கேட்டால், அவனாகக் கேட்டால் மட்டும், கிழவன், பூசாரி, அரசியல்வாதி மாதிரி குரல் மாறும் பாத்திரம். திக்கினால் காத்திருங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். நன்றாகப் பேசினால், பார்த்தாயா இன்று திக்கவே இல்லையே என்று பாராட்டிவிடாதீர்கள், மறுநாள் திக்கும்போது தோற்றதாக நினைப்பான். இது சிகிச்சை இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது தனியாக நடக்கட்டும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் யாராவது அழுதால் பதறாதீர்கள், காட்சியையும் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஒரு தோழியோடு தண்ணீர் குடிக்க அனுப்புங்கள், நீங்கள் அப்புறம் தனியாகப் பேசுங்கள். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே பாத்திரத்தைக் கழற்றிவிட வேண்டும். நடித்தவர்கள் தோளில் போட்ட துண்டை எடுத்து மேசையில் வைத்து, தன் பெயரையும் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லட்டும். கேலியாகத் தோன்றும், விட்டுவிடாதீர்கள். அப்பாவாக நடித்தவன் அப்பாவாகவே வெளியே போகக் கூடாது.

பின்னால் ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, கோமதிக்கு நடந்தது எனக்கும் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைத்தால் குற்றம். பள்ளிப் பெயர் கெடும் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். கல்யாண ஏற்பாடு என்றாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

தலைமையாசிரியரிடம் 350 ரூபாய்த் திட்டம் வேண்டாம், செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளை மட்டும் போதும் என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் காட்சி எதுவும் வேண்டாம். வட்டமாக நின்று பெயரையும் ஓர் அசைவையும் சொல்லி, எல்லோரும் அதையே திருப்பிச் செய்யும் விளையாட்டு போதும். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளவே பத்து நிமிடம் போய்விடும், அதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.