நான்கு அரைகுறைப் பின்னல்கள்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். பலதுறை மருந்தகத்தில் உங்கள் எண் வரும்வரை உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்ததாகச் சென்ற மாதக் கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கட்டுரை முதுமையைப் பற்றியது. எனக்கோ அந்தக் காலுறைதான் மனத்தில் தங்கிவிட்டது, ஏனென்றால் நானும் பின்னுகிறவள்.

நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். கணவர், தொடக்கநிலை ஆறில் படிக்கும் மகள், இரண்டில் படிக்கும் மகன், அவிநாசியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமியார். நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பின்னுவதை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இப்போது என் அலமாரியில் நான்கு வேலைகள் அரைகுறையாகக் கிடக்கின்றன. 2020 இறுதியில் ஜப்பானுக்குப் போகலாம் என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் கணவருக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன். பயணம் நடக்கவில்லை, ஸ்வெட்டரும் உடலோடும் ஒரு கையோடும் நின்றுவிட்டது. தங்கையின் குழந்தைக்கு ஒரு போர்வை தொடங்கினேன். அந்தக் குழந்தை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது. ஒற்றைக் காலுறை ஒன்று இருக்கிறது. மாமியாருக்கு என்று ஆரம்பித்த சால்வை ஒரு சாண் அளவில் நிற்கிறது.

"வருசம் பூரா வெயிலடிக்கிற ஊருல ஆருக்குக் கண்ணு ஸ்வெட்டரு? அந்த நேரத்துல புள்ளைக்கு ரெண்டு கணக்குச் சொல்லிக் குடுக்கலாமல்ல" என்கிறார் மாமியார். விற்றால் நூல் வாங்கிய காசாவது திரும்பும் என்கிறார் கணவர். இருவரும் கடுமையாகச் சொல்வதில்லை, ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் எனக்குக் கிடைப்பதே இல்லை. இந்தப் பழக்கம் இந்த ஊருக்கும் என் வாழ்க்கைக்கும் பொருந்தாததா? பொருந்தும் என்றால், இந்த நான்கையும் எப்படித்தான் முடிப்பது?

ஒரு வாசகி, ஈசூன்

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் அவிநாசிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துத் திருப்பூரைப் பின்னலாடை நகரம் என்று சொல்வதை அவர் எத்தனையோ முறை கேட்டிருப்பார். பெயரிலேயே பின்னல் இருக்கிறது. உங்கள் கணவரின் பழைய பனியன் ஒன்றை எடுத்து, மகனின் பூதக்கண்ணாடியால் அதன் மேற்புறத்தை மாமியாருக்குக் காட்டுங்கள். நெய்த துணியில் தெரியும் குறுக்கும் நெடுக்குமான இழைகள் அதில் இருக்கமாட்டா. தலைகீழாகக் கவிழ்த்த கூரைகளை வரிசையாக அடுக்கியதுபோல் கண்ணிகள் தெரியும். பனியனைப் புரட்டினால் உட்புறத்தில் அரிசி மணி அரிசி மணியாகப் புடைப்புகள் இருக்கும். நீங்கள் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு செய்வதும் அதே கண்ணிதான். இயந்திரம் அதை மெல்லிய பருத்தி நூலில் பொடிப்பொடியாகச் செய்கிறது, நீங்கள் தடித்த நூலில் பெரிதாகச் செய்கிறீர்கள். இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் குணம் அந்தக் கண்ணியிலிருந்து வருவது. அதனால்தான் பனியன் உடம்போடு ஒட்டி நிற்கிறது. ஆகவே பின்னலைக் குளிர்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. இப்படி ஊசிகளால் பின்னியவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய துண்டுகளே எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள்தாம். அவை 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. எகிப்தும் வெயிலுக்குப் பேர்போன ஊர்தானே.

ஆனால் ஸ்வெட்டர் விஷயத்தில் நான் மாமியாரின் கட்சி. நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூலில் ஓர் ஆணுக்கு ஸ்வெட்டர் பின்ன 500 முதல் 600 கிராம் நூல் பிடிக்கும், அதாவது 50 கிராம் உருண்டைகள் பத்துப் பன்னிரண்டு. நம் ஊரில் அவ்வளவு கம்பளியை மடியில் பரப்பிக்கொண்டு பின்னுவது, மின்விசிறிக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்வதற்குச் சமம். உள்ளங்கை வியர்த்தால் நூல் ஊசியில் இழுபடும். மூங்கில் ஊசியில் இந்தத் தொல்லை கூடுதல், உலோக ஊசியில் சற்றே குறைவு. எனக்கோ ரயிலில் மூங்கில்தான் வசதி, ஏனென்றால் கண்ணிகள் வழுக்கி விழுவதில்லை. பருத்தி குளிர்ச்சியானது என்றாலும் அதற்குச் சொந்தக் குணம் ஒன்று உண்டு: கம்பளிபோல் அது தானாகச் சுருங்கி மீளாது, பெரிய ஆடையாகப் பின்னினால் தன் எடையாலேயே நாளுக்கு நாள் நீளும். இங்கே பருத்தியில் பின்னுவதாயின் சிறியதாகவும் தோளில் தொங்காததாகவும் பின்னுவது நல்லது. குளிரூட்டி ஓடும் அலுவலகத்துக்கும் திரையரங்குக்கும் சால்வை ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நேரத்துக்கு வருகிறேன். சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கும் பிள்ளைகள் வளரும்வரை கிடைத்ததில்லை. என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் மல்லிகை தொடுப்பார். அடுப்பில் பால் பொங்கும், வாசலில் ஆள் கூப்பிடுவார், நாங்கள் அடித்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் நாரைக் காலின் பெருவிரலில் மாட்டிவைத்துவிட்டு எங்களை அதட்டுவார், பிறகு விட்ட பூவிலிருந்தே தொடர்வார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் தொடுத்தவரைக்கும் அது சரமாகவே இருக்கும். பின்னலும் அப்படிப்பட்ட வேலைதான், ஆனால் பின்னலின் எல்லாப் பகுதிகளும் அப்படியல்ல. உங்கள் நான்கு வேலைகளும் நின்றதற்குக் காரணம் சோம்பல் என்று எனக்குத் தோன்றவில்லை. குறுக்கீடு தாங்காத பகுதிகளைக் குறுக்கீடு மிகுந்த நேரத்தில் செய்யப் பார்த்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

காலுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 64 கண்ணிகள் போட்டு, இரண்டரை மில்லிமீட்டர் ஊசியில், கணுக்கால் வரை சுற்றிச் சுற்றிப் பின்னும் பகுதியில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஈசூனிலிருந்து நகருக்குப் போகும் ரயிலில் அதைப் பின்னலாம், மகளின் துணைப்பாட வகுப்பு முடியும்வரை அடுக்குமாடிப் புளோக்கின் கீழே உட்கார்ந்தும் பின்னலாம். நடுவே தொலைபேசி வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. குதிகால் வேறு கதை. பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாகத் திருப்பி, ஒவ்வொரு வரிசையிலும் சில கண்ணிகளை விட்டும் சேர்த்தும் அந்தக் கிண்ண வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரு கண்ணி தவறினால் கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதற்கு இருபது நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். ஒரு காலுறைக்கு அந்த இருபது நிமிடம் ஒரே ஒருமுறைதான் தேவைப்படுகிறது என்பது பலருக்கும் உறைப்பதில்லை. எல்லாரும் உறங்கிய பிறகு ஒருநாள் இரவில் குதிகாலை முடித்துவிட்டால், மீதியைக் கூட்டத்திலேயே பின்னிவிடலாம்.

வரிசையின் நடுவில் எழுந்துபோக நேர்ந்தால் திரும்பி வந்து எந்தப் பக்கம் பின்னுவது என்று குழம்புகிறவர்கள் உண்டு. நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறதோ அது வலக்கையில் இருக்க வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைத் தவிர வேறு கணக்கு வேண்டியதில்லை. எழும்முன் ஊசி முனைகளில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள், மகன் ஓடிவந்து இழுத்தாலும் கண்ணி கழலாது. வடிவம் உள்ள பகுதியாக இருந்தால், சரியாக முடிந்த வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் மெல்லிய தையல் நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிடுங்கள். பிறகு எங்கே தவறினாலும் அந்த நூல்வரைக்கும் தைரியமாகப் பிரிக்கலாம்.

பிரிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஸ்வெட்டரை நீங்கள் பிரித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

என் மகன் தேசிய சேவைக்குப் போய்ப் புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் சேர்ந்தபோது நான் கழுத்துத் துண்டு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வாரம் அவன் வீட்டுக்கு வரவில்லை. மாதங்கள் கழித்து அந்தத் துண்டை மேசையில் விரித்துப் பார்த்தபோது ஓரிடத்தில் அகலம் ஒரு விரற்கடை குறைந்து, கண்ணிகள் நெருங்கிக் கிடந்தன. நூலையோ ஊசியையோ நான் மாற்றவில்லை. அந்த இரண்டு வாரம் கை தானாக இறுகியிருக்கிறது. கழுத்துத் துண்டில் அது அழகுதான், அப்படியே விட்டுவிட்டேன். ஸ்வெட்டரில் அப்படி விட முடியாது. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று கணக்கிட்டு, நூறு சென்டிமீட்டர் மார்புக்கு 220 கண்ணி போடுகிறீர்கள் என்று வையுங்கள். கை சற்றுத் தளர்ந்து பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி ஆகிவிட்டால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு கண்ணி வேறுபாடு பத்து சென்டிமீட்டரில் கொண்டுபோய் விடும். 2020இல் கற்றுக்குட்டியாகப் பின்னிய கைக்கும் இன்று நீங்கள் பின்னப்போகும் கைக்கும் இழுவை ஒத்துப்போகும் வாய்ப்பு குறைவு. ஒரு கை சட்டைபோலவும் மற்றது தலையணை உறைபோலவும் வரும். போதாததற்கு, உங்கள் கணவர் 2020இல் இருந்த அளவில்தான் இன்றும் இருக்கிறாரா என்பதை அவரிடம் கேட்காமல் அளந்து பாருங்கள்.

தைத்த துணியை வெட்டியபின் பழையபடி ஆக்க முடியாது. பின்னலில் உழைப்பு போனாலும் நூல் முழுதாகக் கைக்கு வந்துவிடும். எங்கள் புளோக்கின் ஆறாவது மாடியில் இருந்த ஒரு சீனப் பாட்டிதான் எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தார். எங்களுக்குள் பொதுமொழி கிடையாது. பாராட்டு, கண்டிப்பு எல்லாம் கையாலேதான். நான் தவறு செய்தால் பேசாமல் என் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுப்பார். கண்ணிகள் பட்பட்டென்று அவிழும்போது முதல் இரண்டு முறை எனக்கு அழுகை வந்தது, மூன்றாவது முறை சிரிப்பு வந்தது.

கணவர் சொல்லும் விற்பனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு சோடிக் காலுறைக்கு எனக்கு இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. அந்த மணி நேரத்துக்குக் கூலி போட்டு ஒரு விலை சொன்னால் வாங்க வருபவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார், கூலி போடாமல் விற்றால் உங்கள் இருபது மணி நேரத்தை யாருக்கோ தானம் செய்கிறீர்கள். கணக்கு வேலை பார்ப்பவரிடம் நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

போர்வையை இருக்கும் நீளத்திலேயே கண்ணிகளை அடைத்து முடித்துவிடுங்கள். பாலர் பள்ளிக்குப் போகும் குழந்தையின் பொம்மைக்கு அது அளவாக இருக்கும். காலுறைக்கு இன்றே இரண்டாவதைப் போட்டு ரயில் பைக்குள் வைத்துவிடுங்கள். வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்குச் சால்வைதான் ஏற்றது, பார்க்காமலே பின்னலாம். எதுவானாலும் முடித்த கம்பளியைத் துவைக்கும் பொறுப்பை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை உதவி செய்வதாக நினைத்து என் கம்பளிச் சட்டையைப் படுக்கை விரிப்புகளோடு சலவை இயந்திரத்தில் போட்டுச் சுடுநீர்ப் பொத்தானை அழுத்திவிட்டார். கம்பளி இழையின் மேல் மீன்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு விடுவதே இல்லை. வெளியே வந்தது ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொருந்தும் ஒரு பலகை. இன்றும் அதை மடித்துத்தான் குழம்புச் சட்டியை இறக்குகிறோம்.

ஸ்வெட்டரைப் பிரிக்கும் முறை இது: முதலில் தையல்களை அவிழ்த்துத் துண்டுகளைத் தனியாக்குங்கள். பின்னத் தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும், முடித்த முனையிலிருந்து இழுத்தால்தான் ஓடிவரும். வரும் நூல் இடியாப்பம்போல் சுருண்டு சுருண்டு இருக்கும். அதை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழியாமல் துண்டில் ஒற்றி எடுங்கள். பிறகு துணி காயப்போடும் மூங்கில் கழியில் நிழலாகத் தொங்கவிடுங்கள். டிசம்பர் மழை நாளாக இருந்தால் காய இரண்டு நாள் பிடிக்கும். காய்ந்ததும் சுருள் நேராகியிருக்கும்.

இந்த வேலையைத் தனியாகச் செய்வது சிரமம். ஒருவர் இழுக்க வேண்டும், ஒருவர் சுற்ற வேண்டும். நீங்கள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு நூல் முனையை மாமியாரிடம் கொடுங்கள். ஒரு மாலைப் பொழுது முழுக்க ஆகும். மகள் எதிரில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும், சந்தேகம் கேட்டால் சொல்லிக்கொடுக்க உங்கள் வாய் சும்மாதான் இருக்கும். நூல் எல்லாம் உருண்டையானதும் சால்வையின் ஒரு சாணை மாமியாரின் தோளில் வைத்துப் பார்த்து, இந்த நிறம் அதற்குக் கரையாக வருமா என்று அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து